மூன்று புள்ளியும் ஒரு தூண்டிலும்

திருகோணமலை, 1942

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

சுவாமியார் தந்த அபராதம் முடிய, உயிர்த்த ஞாயிறான பாஸ்குவுக்கு, இன்னும் மூன்று நாள். தபசு காலம் தொடங்கியபோது பாவசங்கீர்த்தனத்தில், "எனக்கு முறுமுறுக்கிற குணம் சுவாமி" என்று வாயை விட்டது என் பிழைதான். ஐந்து பரமண்டல மந்திரம் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். "பாஸ்கு வரைக்கும் நாளுக்கு ஒரு நன்றி எழுது றெஜினா, முறைப்பாடு ஒண்டும் எழுதக் கூடாது" என்றுவிட்டார். புதுக் கொப்பி ஒன்றும் எடுக்கவில்லை. எங்கள் குறிப் புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறேன்.

முன்பக்கம் முழுவதும் கப்பல்காரர்களின் குறிகள். நாங்கள் வெளுக்க வாங்கும் அவர்களுடைய உடுப்பெல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே தையல். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் நான் சேங்கொட்டைச் சாற்றால் போடும் குறிதான் எது யாருடையது என்று சொல்லும். அதன்மேல் சுண்ணாம்பு தடவிவிட்டால் துணி நைந்து போனாலும் குறி போகாது. என் விரல் நுனியெல்லாம் பொக்குளம் போட்டுத் தோல் உரிந்து கிடப்பது அந்தச் சாற்றால்தான் (இது முறைப்பாடு அல்ல, தகவல்). எங்கள் சொந்த உடுப்புக்கு மட்டும் நாங்கள் குறி போடுவதில்லை. எங்களை எங்களுக்குத் தெரியாதா?

விமானம் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பலிலிருந்து இன்று மூட்டை வந்தது. அதில் கன்னர் பெல்லமியின் ஆறு சட்டைகள். கன்னர் என்றால் பீரங்கிக்காரர். ஓய்வு கிடைத்தால் இறங்குதுறையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பாராம், இதுவரை ஒரு நெத்தலிகூடப் பிடித்ததில்லையாம். அதனால் அவருக்கு மூன்று புள்ளி, கீழே ஒரு தூண்டில் என்று குறி வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் என் மனிதரைப் "பஸ்தியான்" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். மற்றவர்கள் எல்லாரும் "டோபி" என்பார்கள்.

ஒரு சட்டையின் கழுத்துப்பட்டி கிழிந்திருந்தது. வெள்ளை நூல் முடிந்துபோனதால் உட்பக்கமாக நீல நூலால் இழையோடினேன். வெளியே தெரியாது.

நன்றி: தண்ணீர் வற்றாத எங்கள் கிணற்றுக்கு.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான். வெள்ளாவி வைக்கவில்லை. என் மனிதருடைய தமக்கை அக்கினேஸ் மச்சாள் இன்று முழுவதும் மௌனம். ஆண்டவரே, இதற்கு மனமார நன்றி.

ஏப்ரல் 5, பாஸ்கு ஞாயிறு

ஆறு சட்டை துவைத்தேன், ஐந்து சட்டை மடித்தேன். மற்றது எங்கே என்று இங்கே எழுத மாட்டேன். இது நன்றி எழுதுகிற புத்தகம்.

பூசையில் என் மனிதர் நல்ல வடிவாக இருந்தார். கஞ்சி போட்டு, சிரட்டைக்கரிப் பெட்டியால் நானே மினுக்கிய வெள்ளைச் சட்டை. கோயில் வாசலில் மச்சாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கோ, என்ர தம்பி ஒரு துரை மாதிரியெல்லோ இருக்கிறான்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினா. நான் அவவின் கையைக் கிள்ளினேன்.

"கழட்டி வையுங்கோ, ஆரும் பார்த்தால் பாஸ் போயிடும்" என்று வரும்போது சொன்னேன். கப்பலுக்குப் போய்வரத் துறைமுகம் தந்திருக்கும் பாஸ்தான் எங்கள் சோறு. அவர் சிரித்தார். "ஒரு நாள்தானே றெஜினா. மேலில ஏறினால் பஞ்சு மாதிரி இருக்கு."

பின்னேரம் கடைத்தெருவில் கதை: இன்று காலை பூசை நேரத்தில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டானாம். எல்லாரும் துறைமுகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கப்பல்கள் நின்ற இடத்தில் நின்றன.

அபராதம் இன்றோடு முடிந்தது. ஆனாலும் எழுதுகிற பழக்கம் விரலில் ஒட்டிக்கொண்டது. நன்றி: ஆட்டிறைச்சிக் கறிக்கு.

ஏப்ரல் 7, செவ்வாய்

கொடி நிறைய ஈர உடுப்பு. மழை வரவில்லை. நன்றி.

ஏப்ரல் 8, புதன்

விளக்கு வைக்கும் நேரம். மனம் சரியில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

மூன்று மணிக்குத் துறைமுகத்திலிருந்து ஆள் ஓடி வந்தான். பெரிய கப்பல் உடனே புறப்படப் போகிறது, உடுப்பெல்லாம் காய்ந்ததும் காயாததுமாகக் கொண்டு வரட்டாம். பாலையூற்றில் ஞானத்தகப்பன் வீட்டுக்குப் போயிருந்த இவர் அப்போதுதான் படலையைத் திறந்தார். அவரும் நானும் மச்சாளுமாக மூட்டை கட்டினோம். நீலச் சட்டையோடு போனார். காதர் காக்காவின் தோணியில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

தோணி திரும்பி வந்துவிட்டது, அவர் வரவில்லை. காதர் காக்கா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "மூட்டையத் தந்துபோட்டு வா எண்டுதான் சொன்னனான் புள்ள. கன்னர்ர கையில ஒரு சாமான் குடுக்கோணும் எண்டு உள்ளுக்குப் போனவர். நான் பார்த்துக்கொண்டு இருக்கவே ஏணியத் தூக்கிப்போட்டானுகள்."

அடுத்த துறையில் இறக்கிவிடுவார்கள் என்று மச்சாள் சொல்கிறா. கப்பலில் சோறு கிடைக்கும், இறைச்சியும் கிடைக்கும் என்கிறா. நன்றி: காதர் காக்கா பொய் சொல்லாமல் வந்து சொன்னதற்கு.

ஏப்ரல் 9, வியாழன்

எழுத்து கோணினால் கோணட்டும்.

காலை ஏழு மணி கழிந்து சற்று நேரம். நான் கிணற்றடியில். வானத்தில் இரைச்சல் கேட்டது. எங்கள் விமானங்கள் என்று அண்ணாந்து பார்த்தேன். இவ்வளவு இருக்கிறதா எங்களிடம் என்று சந்தோசப்பட்டேன், முட்டாள். அடுத்தது நிலம் குலுங்கியது. கிணற்றுத் தண்ணீர் எழும்பிச் சுற்றுச்சுவரில் அடித்தது. மச்சாள் என்னை இழுத்துத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தள்ளி, என் மேலே விழுந்து படுத்தா. அவவின் உடம்பு முழுவதும் என் மேல். பாரம் தாங்காமல் மூச்சு முட்டியது. ஆறு வருசமாக இந்த மனுசியோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

ஓய்ந்த பிறகு எழும்பிப் பார்த்தால் சீனன்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி எரிகிறது. வானம் பாதி கறுப்பு. காயப்போட்ட வெள்ளை உடுப்பெல்லாம் கரி படிந்து கிடக்கிறது.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் கப்பல்களைத் தேடித்தான் வந்தானாம். பெரிய கப்பல் நேற்றே போய்விட்டதால் தப்பியது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படியென்றால் இவரும் தப்பினார். ஏணியைத் தூக்கிய அந்தக் கைகளுக்கு நன்றி. மச்சாளுக்கு நன்றி.

ஏப்ரல் 11, சனி

ஊர் காலியாகிறது. மாட்டு வண்டி, தள்ளுவண்டி, தலைச்சுமை, எல்லாம் கந்தளாய்ப் பக்கம் போகின்றன. "நாங்களும் போவம்" என்று மச்சாள் பானை சட்டியைக் கட்டினா. "அவர் வந்தால் பூட்டின வீட்டையே பார்க்கிறது?" என்று கேட்டேன். கட்டியதை அவிழ்த்தா. கரி படிந்த உடுப்பை இருவருமாகத் திரும்பத் துவைத்தோம். யாருக்கென்று தெரியாது. போகிறபோது காதர் காக்காவின் மனைவி அரை மூட்டை அரிசியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறா. நன்றி.

ஏப்ரல் 13, திங்கள்

மட்டக்களப்பிலிருந்து மீன்காரர் இருவர் வந்தார்கள். பெரிய கப்பலை வியாழக்கிழமையே அவர்களுடைய கடலில் வைத்து ஜப்பான்காரன் மூழ்கடித்துவிட்டானாம். கரையிலிருந்து புகையைப் பார்த்தார்களாம். இங்கே குண்டு போட்டு முடிந்த அதே காலை. நான் இங்கே நன்றி எழுதிக்கொண்டிருந்த அதே நாள்.

பலரை ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனதாம். பலர் என்றால் எல்லாரும் இல்லை. இன்று நன்றி இல்லை.

ஏப்ரல் 16, வியாழன்

நவரத்தினம் கிளாக்கர் வந்தார். துறைமுகக் கந்தோரில் எங்கள் பாஸைப் பதிகிறவர், யாழ்ப்பாணத்தார். எப்போதும் போலப் படலைக்கு வெளியே நின்றே கூப்பிட்டார். எங்கள் முற்றத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை.

"கல்குடாப் பக்கம் அஞ்சு உடம்பு கரை ஒதுங்கினது பிள்ளை. அடக்கம் செய்தாச்சு. ஆர் ஆர் எண்டு தெரியேல்ல. கழுத்துப்பட்டியளை வெட்டி அனுப்பியிருக்கினம். உன்ர குறியாம், நீதான் வாசிக்கோணும்."

உறையிலிருந்து ஐந்து துண்டுகளைப் படலைக் கட்டையின்மேல் வைத்தார். எண்ணெய் நாற்றம். முன்பக்கத்தைத் திருப்பினேன். வட்டத்துக்குள் கோடு, சமையற்கட்டு மனிதர். இரண்டு ஏணிக்கால், சின்ன அதிகாரி. மற்ற இரண்டையும் சொன்னேன். அவர் எழுதினார். ஐந்தாவதைத் திருப்பினேன். மூன்று புள்ளி, கீழே தூண்டில். பக்கத்தில் நீல நூல் இழை.

இந்தப் புத்தகத்தில் நான் ஒரு பொய் எழுதியிருக்கிறேன். எட்டாம் திகதி அவர் நீலச் சட்டையோடு போனார் என்று எழுதினேன். நீலச் சட்டை அன்று கொடியில் நனைந்து தொங்கியது. அவர் போட்டிருந்தது கன்னரின் ஆறாவது சட்டை. பாஸ்குவுக்குப் போட்டதைக் கழற்ற மனமில்லாமல் ஞானத்தகப்பன் வீட்டுக்கும் அதையே போட்டுக்கொண்டு போய்வந்தார். புறப்படும்போது நான் படலையில் நின்று கத்தினேன். "அந்தச் சட்டையை அவற்ற கையில குடுக்காமல் இந்தப் படலைக்குள்ள வரக் கூடாது!" அதனால்தான் கப்பலுக்குள் போனார். மூட்டையை மேல்தட்டில் போட்டுவிட்டு அதே தோணியில் திரும்பி வந்திருக்கலாம். அவரைக் கப்பலுக்குள் அனுப்பியது நான்.

"இது கன்னர் பெல்லமியோ?" என்று கிளாக்கர் புத்தகத்தை எட்டிப் பார்த்துக் கேட்டார். "ஆளைக் காணேல்ல, செத்தது எண்டு தாய்க்குத் தந்தி எழுதி வைச்சாச்சு. உன்ர சொல்லுக்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கினம்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பாஸ் போகாது, மானம் போகாது. நான் சொல்லாதவரை இவரும் சாகவில்லை. மச்சாள் என் பின்னால் வந்து நின்றா. அவவும் அந்த நீல நூலைப் பார்த்துவிட்டா. ஆனால் எங்கேயோ ஒரு தாய், உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக அழப்போகிறாள். அதை நான் எப்படிச் செய்வது?

"இது கன்னர் இல்லை ஐயா. இந்தச் சட்டையை என்ர மனிசன்தான் போட்டிருந்தவர்" என்றேன்.

மச்சாள் படலையடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டா. கிளாக்கர் பேனையை மூடினார். "ஆளின்ர நிறத்தைப் பார்த்துச் சொல்லேலாதோ?" என்று நானே கேட்டேன். "அத்தனை நாள் கடலில கிடந்தது பிள்ளை. எண்ணெய் வேற. வெள்ளையோ கறுப்போ எண்டு ஆருக்கும் தெரியாது" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் தொப்பி கழற்றியதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வீட்டில் கறுப்புச் சேலை ஒன்றுதான். அதை மச்சாள் எனக்கே கட்டிவிட்டா. "நீதான் அனுப்பினனீ" என்று ஒரு சொல் சொல்வா என்று நாள் முழுவதும் காத்திருந்தேன். சொல்லவில்லை. கஞ்சி காய்ச்சித் தந்தா.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆத்துமப் பூசை. கோயிலில் ஒன்பது பேர்தான், மற்றவர்கள் கந்தளாய்க் காட்டில். கல்குடாவில் ஐந்தாவது குழிக்கு அவருடைய பெயரை எழுதிப் பலகை நட்டாயிற்று என்று கிளாக்கர் ஆள் அனுப்பிச் சொன்னார். பாஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அபராதத்தை நானே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன். நன்றி: அவர் ஆறு வருசத்தில் ஒரு நாளும் என்னை அடிக்கவில்லை. நன்றி: சுடுதண்ணீர்ப் பானையை ஒரு நாளும் என்னைத் தூக்க விடவில்லை. நன்றி: அந்தச் சட்டையில் அவர் அவ்வளவு வடிவாக இருந்தார். அவர் இருக்கும்போது இதில் ஒன்றையாவது எழுதினேனா? கிணற்றையும் ஆட்டிறைச்சியையும் எழுதினேன்.

ஏப்ரல் 23, வியாழன்

அவர் வந்துவிட்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. அரிசி லொறியில் வந்து இறங்கினார். இரண்டு கையிலும் துணிச் சுற்று. தலைமயிர் பாதி இல்லை. ஆஸ்பத்திரி கொடுத்த தொளதொளச் சட்டை. படலைக்கு வெளியே நின்றுகொண்டு, "றெஜினா, சட்டையைக் குடுத்துட்டன், உள்ள வரலாமோ?" என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பைத் தூக்கி எறிந்ததாக மச்சாள் சொல்கிறா.

கொழும்பு ஆஸ்பத்திரியில் இரண்டு கிழமை. பக்கத்துக் கட்டில்காரரைக் கொண்டு தபாலட்டை எழுதிப் போட்டாராம், இன்னும் வரவில்லை. கஞ்சி ஊட்ட ஊட்டக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

கன்னரைத் தேடி உள்ளே போனபோதே கப்பல் நகர்ந்துவிட்டது. கன்னர் இவரையும் சட்டையையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கழுத்துப்பட்டியைத் திருப்பிக் குறியைக் காட்டினார், இவருடையதையும் திருப்பிக் காட்டினார், விழுந்து விழுந்து சிரித்தார். கழற்ற விடவில்லை, குளிரும் என்றாராம். தேத்தண்ணீரும் படுக்க இடமும் கொடுத்தார்.

மறுநாள் காலை விமானங்கள் வெயிலுக்குள்ளிருந்து வந்தன. கால் மணித்தியாலம்கூட இல்லை, கப்பல் சாய்ந்தது. இவருக்கு நீச்சல் தெரியாது. கிணற்றிலும் குளத்திலும் நின்று துவைக்கிற மனிதர். எரிகிற எண்ணெய்க்குள் மூழ்கியவரின் தலைமயிரைப் பிடித்து ஒரு கை தூக்கியது. கன்னர். பலகை ஒன்றில் இவரைப் போட்டுவிட்டுத் தானும் பிடித்துக்கொண்டார். பீரங்கியடியில் நின்றதால் அவருடைய சட்டை எரிந்து முதுகுத் தோல் உரிந்திருந்தது. வெயில் ஏற ஏற அவர் பல்லைக் கடித்தார்.

"எனக்குப் பார்க்க ஏலாமல் போச்சு. சட்டையைக் கழட்டி அவருக்குப் போட்டுவிட்டன். 'சேர், யுவர் சேர்ட்' எண்டன். எனக்கு வந்த இங்கிலீசு அதுதான். எத்தனை தரம் போட்டனீ எண்டு கேட்டார். ரெண்டு விரலைக் காட்டினன். அந்த நேரத்திலயும் சிரிச்சார் றெஜினா."

ஆஸ்பத்திரிக் கப்பலின் படகு வந்தபோது அது நிறைந்திருந்தது. இன்னும் ஒருவருக்குத்தான் இடம் என்று கத்தினார்கள். கன்னர் இவரைக் கீழேயிருந்து தள்ளி ஏற்றிவிட்டார். படகு திரும்பிப் போனபோது பலகை இருந்தது, அவர் இல்லை.

சொல்லி முடித்துவிட்டு இவர் அழுதார். இரண்டு கையும் கட்டுக்குள் இருந்ததால் நான் துடைத்துவிட்டேன். அந்தக் கழுத்துப்பட்டியை நான் சரியாகத்தான் வாசித்தேன். மூன்று புள்ளியும் தூண்டிலும் அவருடையதுதான். என் குறியை நானே நம்பாமல் போனேன்.

ஏப்ரல் 25, சனி

விடிந்ததும் மூவருமாகக் கந்தோருக்குப் போனோம். கிளாக்கர் இவரைக் கண்டு கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "உன்ர பேரில பலகை நட்டு ஆறு நாள்!" என்றார். முழுவதையும் சொன்னேன். என்னால் ஒரு தாய் ஒன்பது நாள் வீணாக நம்பியிருக்கிறாள் என்றும் சொன்னேன்.

"இந்த முறை நிச்சயமோ பிள்ளை?"

குறிப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "குறி பிழைக்கேல்ல ஐயா. நான்தான் பிழைச்சது."

அவர் நீண்ட நேரம் எழுதினார். பாஸைப் பறிக்கப் போகிறார் என்று நின்றோம். எழுதியதைத் தமிழில் சொன்னார்: "கடலில் வைத்து பஸ்தியாம்பிள்ளை தன்னிடமிருந்த சட்டையைக் கன்னருக்கு உடுத்திவிட்டார் எண்டு போட்டிருக்கிறன். அது ஆற்ற சட்டை, எப்பிடி இவரிட்ட வந்தது எண்டு என்னை ஒருத்தரும் கேட்கேல்ல." தாய்க்குத் தனியாகக் கடிதமும் போகிறது. கடைசியில் என்ன நடந்தது என்றும், மகன் சிரித்தார் என்றும் அதில் எழுதச் சொன்னார் இவர். கிளாக்கர் எழுதினார்.

பின்னேரம் கிளாக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பலகை மாற்றச் சொல்லிக் கல்குடாவுக்கு ஆள் போய்விட்டதாம். அதைச் சொல்லப் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். மச்சாள் முழிசிக்கொண்டு நின்றா, பிறகு ஓடிப்போய்த் தேத்தண்ணீர் ஊற்றினா. அவர் உட்கார்ந்து குடித்தார்.

ஏப்ரல் 27, திங்கள்

தபாலட்டை இன்று வந்தது. "நான் உயிரோடு இருக்கிறேன், அழாதே" என்று எழுதியிருக்கிறது. அவர் பக்கத்தில் இருந்து, "வாசி, வாசி" என்று மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

கப்பல் போனால் அதன் குறிகளை அடுத்த கப்பல்காரருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். முன்பக்கத்தில் அந்தக் கப்பலின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். கன்னர் பெல்லமியை அடிக்கவில்லை. அந்தக் குறி இனி யாருக்கும் இல்லை.

பிறகு சேங்கொட்டையை உடைத்தேன். கொடியிலிருந்து நீலச் சட்டையை எடுத்து, கழுத்துப்பட்டியைத் திருப்பி, மூன்று புள்ளியும் தூண்டிலும் போட்டேன். சுண்ணாம்பு தடவினேன்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கட உடுப்புக்குக் குறி போடுறேல்லையே. அதுகும் அது அவற்ற குறியெல்லோ?"

"ஓம். நீங்களும் இனி அவற்றதான். என்னட்டத் தந்திட்டுப் போயிருக்கிறார், நான் கவனமாய் வச்சிருக்கோணும்."

அவர் துணி சுற்றிய கையால் அந்தக் கழுத்துப்பட்டியைத் தொடப் போனார்.

"தொடாதேங்கோ, பொக்குளிக்கும்" என்றேன். குறி காய ஒரு நாள் வேண்டும். சட்டையை நிழலில் விரித்துப் போட்டிருக்கிறேன்.